கழுதைக்கு நாலு ஷாக் அப்சார்பர்

கஸ்தாவ் மலையிலிருந்து ஒபாட்டியா கடற்கரைக்கு இறங்கும் சாலையில், முன்னால் போகும் சின்னச் சிவப்புக் காரை யாராவது ஹாரன் அடித்து விரட்டினால் அவர் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம். சனிக்கிழமை மதியம் அந்தக் கார் ஆமை மாதிரிதான் இறங்கும். உள்ளே கல்யாணக் கேக் இருக்கும். ஓட்டுவது நெவியா கிங்கெலா. அடுத்த திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, ஹாரன் அடித்தவருடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுத்தான் மேலே போவாள். மறுநாள் அதே கார் க்ரோப்னிக் கார்ப் பந்தய ட்ராக்கில் ஓடும். அங்கே அவளைத் துரத்த வேண்டுமானால் முதலில் நல்ல டயர் வேண்டும். நல்ல டயர் என்னிடம் கிடைக்கும். ரியேக்காவில், ரயில் பாதைக்குக் கீழே என் கடை. நெவியா எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

அவள் கப்பல் கட்டும் தளத்து வெல்டர் ஒருவரின் மகள். ஒபாட்டியாவில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டில் கேக் போடக் கற்றுக்கொண்டாள். தலைமைச் சமையற்காரர் ஒருநாள் தான் புதிதாகக் கண்டுபிடித்த க்ரீமை ருசி பார்க்கச் சொன்னார். ருசி பார்த்துவிட்டு, முகச்சவரம் பண்ணுவதற்கா என்று கேட்டாள். அன்றோடு அந்த வேலை போயிற்று. பிறகு கஸ்தாவில் தன் வீட்டுத் தரைத்தளத்திலேயே அடுப்பு வைத்துக் கல்யாணக் கேக் செய்ய ஆரம்பித்தாள். கல்யாணம் நிற்குமோ நிற்காதோ, கேக் நிற்க வேண்டும் என்பது அவள் தொழில் கொள்கை. அதைப் பெண் வீட்டார் முன்னாலேயே சொல்வாள்.

கணவன் லிவியோ சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நாலு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். தங்கள் குடும்பம் நன்றாக ஓடுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேக் கொண்டுபோக ஒரு வேன் வாங்கி வா என்று அவள் அனுப்பினால், மூன்று கதவு வைத்த பழைய வேகக் கார் ஒன்றோடு வந்து நின்றான். பின் சீட்டை மடித்தால் வேன்தான் என்று விளக்கம் சொல்லிவிட்டு, சண்டை முற்றுவதற்குள் கப்பலேறிப் போய்விட்டான். நெவியா அந்தக் காருக்குக் கழுதை என்று பெயர் வைத்தாள். அதை வாங்கியவனை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

ட்ராக்குக்கு அவள் வந்ததும் கேக்கால்தான். க்ரோப்னிக் கார் கிளப்பின் ஆண்டுவிழாவுக்கு ட்ராக் வடிவத்திலேயே ஒரு கேக் கேட்டிருந்தார்கள். வளைவெல்லாம் சாக்லேட்டில், ஓரச் சரளை உடைத்த பாதாமில். கொண்டுவந்து வைத்தபோது ரோமானோ ப்ளெச்சிச் பக்கத்தில் நின்றிருந்தான். பந்தயக் கார் உதிரிபாகம் விற்பவன், கிளப்பில் எல்லாம் தெரிந்தவன். பொம்பளைங்க ட்ராக்கைச் சாப்பிட மட்டும்தான் லாயக்கு என்று ஒரு ஜோக் அடித்தான். நாலு பேர் சிரித்தார்கள். நெவியா ஏப்ரனைக் கழற்றாமலே யாரிடமோ ஹெல்மெட் வாங்கி மாட்டிக்கொண்டு கழுதையை உள்ளே விட்டாள். பின்னால் கேக் தட்டுகளும் சர்க்கரைப் பொடி டப்பாக்களும் உருண்டன. சிறிது நேரத்தில் கார் சுழன்று சரளையில் புதைந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கியபோது தலை முதல் கால் வரை வெள்ளையாக, பேய் மாதிரி இருந்தாள். கொடி காட்டுகிறவர் பதறி ஓடினார்.

"மறுபடி எப்ப உள்ள விடுவீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு மழையோ, மலையிலிருந்து வீசும் புராக் குளிர்காற்றோ, ட்ராக் திறந்திருக்கும் ஞாயிறுகளில் அவள் வராமல் இருந்ததில்லை.

மூன்றாம் வருஷம் கழுதையின் ஷாக் அப்சார்பர்கள் நான்கும் போய்விட்டன. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் கார் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே வரும். ட்ராக்கில் வேகமான இடது வளைவில் எங்கே போவது என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கேக்குக்கும் அந்த ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. க்ரீம் ஒரு பக்கமாக நகர்ந்து, கேக் தொப்பியைச் சரித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

புதிதாக என்ன போடுவது என்று அவள் கேட்டதுதான் தாமதம், என் கடை வாசல் சந்தைக்கடையாகிவிட்டது. நம் ஊரில் ஒரு ஆணிடம் மூட்டுவலி என்று சொன்னால் டாக்டரிடம் போ என்பான். ஷாக் அப்சார்பர் என்று சொல்லிவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கல் மாதிரி இறுக்கமாகக் கட்டினால்தான் கார் வளைவில் நிற்கும் என்றான் ஒருவன். சொந்தமாகக் காரே இல்லாத ஒருவன் வெகுநேரம் பேசினான். லிவியோ பிரேசில் பக்கத்திலிருந்து போனில் கூப்பிட்டு, கம்பெனி போட்டதையே திரும்பப் போடு, யார் பேச்சையும் கேட்காதே என்றான். அவன் சொன்னதாலேயே அதை அவள் போடவில்லை.

ரோமானோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே நீல நிறத்தில், பக்கத்தில் தனியாக எண்ணெய்க் குப்பி வைத்த நாலு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று திருகு. ஒன்று, வளைவில் கார் மெல்லச் சாய்வதைப் பிடிக்க. இன்னொன்று, பள்ளத்தில் சக்கரம் திடீரென்று எகிறுவதைத் தாங்க. மூன்றாவது, அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க. கல்யாணத்துக்கு இளக்கி வை, ட்ராக்குக்கு இறுக்கி வை, ஒரே காரில் இரண்டு கார் என்றான். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான். கேக்கைப் பார்த்து அடித்த அந்த ஜோக் அவன் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது என்பது என் ஊகம்.

நெவியாவுக்குத் திருகுகள் மேல் காதல் வந்துவிட்டது. அடுப்பில் சூட்டைக் கூட்டிக் குறைத்தே பழகின கை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு முறை ட்ராக் ஓர நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தும்போதும் குனிந்து எதையாவது திருகுவாள். ஒவ்வொரு திருப்புக்கும் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாலே வேகம் கூடினாற்போல அவளுக்குத் தோன்றும். சுற்றுக்கு ஆன நேரத்தைக் காட்டும் கடிகாரத்துக்கு அப்படித் தோன்றவில்லை. எதை எந்தப் பக்கம் திருகினாள் என்பது இரண்டு வாரத்தில் அவளுக்கே மறந்துவிட்டது. இடது பக்கம் ஒரு காராகவும் வலது பக்கம் வேறொரு காராகவும் கழுதை ஓடியது. நேர்ப்பாதையில் நண்டு மாதிரி போகிறது என்று நான் சொன்னேன். டயர் சரியில்லை என்றாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பின்பக்கத் திருகுகள் டிக்கியின் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தன. கேக்கை ஏற்றிவிட்டால் அவற்றை யாரும் தொட முடியாது.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஒபாட்டியா ஹோட்டலில் ஒரு கல்யாணம். பெண் மொரேனா, துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை டோரியான், பல் செட் கட்டுகிற கூடத்தில் இருப்பவன். ஐந்தடுக்குக் கேக், மேலே புதிதாய்ப் பறித்த அத்திப்பழம். நெவியா அதை ஏற்றி, கட்டி, மாத்துல்யி ஊரைத் தாண்டி இறங்கும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது: முன்பக்கத்தை மட்டும் இளக்கியிருந்தாள். பின்பக்கம் போன ஞாயிறு ட்ராக்கில் இறுக்கினபடியே இருந்தது. நினைவு வந்த அதே இடத்தில் சாக்கடை மூடி ஒன்றும் வந்தது. பின்னால் யாரோ மெத்தையில் குதித்த மாதிரி ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஹோட்டலின் பின்வாசலில் டிக்கியைத் திறந்தாள். கீழடுக்கு அப்படியே இருந்தது. மற்ற நாலும் அதன் மேல் படுத்துக் கிடந்தன. அத்திப்பழங்கள் வண்டி தூக்கும் ஜாக்கியோடு கலந்திருந்தன. நெவியா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். கோட்டும் சூட்டுமாக அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பக்கத்தில் வந்தான்.

"தம்பி, உன் கேக்கு செத்துப்போச்சு" என்றாள்.

டோரியான் கேக்கைப் பார்க்கவில்லை. கால்சட்டையை லேசாகத் தூக்கிக்கொண்டு குந்தி, பின்சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது மூணு திருகு வச்சதா? பின்னாடி எத்தன கிளிக் வச்சிருக்கீங்க?"

"நான் கேக்குன்னு சொல்றேன், நீ கிளிக்குங்கற."

"இல்லக்கா, இந்த வண்டிக்கு இந்த ஸ்பிரிங் ரொம்ப முரடு. நானும் இதே வண்டிதான். போன வாரம்கூட—"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. மேலே இரண்டாம் மாடி பால்கனியில், தலையில் முடி சுருட்டும் குழாய்களோடு மொரேனா நின்றுகொண்டிருந்தாள்.

"டோரியான், அந்த வண்டிய வித்துட்டேன்னு சொன்னியே" என்றாள்.

நிச்சயதார்த்தத்தன்று விற்றுவிட்டதாகச் சொன்ன கார், சாவ்லே கிராமத்தில் அவனுடைய சித்தப்பா மகன் கொட்டகையில், ட்ராக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், நலமாக இருந்தது. சனிக்கிழமை காலைகளில் பாதிரியாரிடம் கல்யாணப் பாடம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி நாள் அங்கேதான் போயிருக்கிறான். பாதிரியாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருமுறை அவரையும் ஒரு சுற்று கூட்டிப்போயிருக்கிறான் என்பது பின்னால் தெரிந்தது.

மொரேனா கீழே இறங்கி வந்தாள். முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாள், பிறகு டிக்கியைப் பார்த்தாள். எது அதிகச் சேதம் என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது முகம்.

"இத மறுபடி நிக்க வைக்க முடியுமாக்கா?"

"முடியாதும்மா. நிக்கிற மாதிரி காட்டினா சாயங்காலத்துக்குள்ள மறுபடி விழும். வேற ஒண்ணு பண்ணலாம். ஹோட்டல்ல ஒயின் கிளாஸ் எத்தன இருக்கு?"

"இவன என்ன பண்றது?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

மொரேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண்மை கலையும் என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். நெவியா சமையற்கட்டுக்குள் புகுந்து, சரிந்த கேக்கை உதிர்த்து, க்ரீமையும் மிச்ச அத்திப்பழத்தையும் அடுக்கடுக்காகக் கிளாஸ்களில் போட்டு, மேலே கொஞ்சம் மராஸ்கினோ என்னும் செர்ரிச் சாராயம் ஊற்றினாள். தப்பித்த கீழடுக்கைப் பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டினார்கள். இது புது ஃபேஷன் என்று விருந்தாளிகள் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கோடையில் வேறு இரண்டு கல்யாணக்காரர்கள் வந்து, மொரேனா கல்யாணத்தில் வைத்த மாதிரியே கிளாஸ் கேக் வேண்டும் என்று கேட்டார்கள். நெவியா மறுத்துவிட்டாள். வேண்டுமென்றே கேக்கை உதிர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

உடைந்த கேக்குக்கு அவள் காசு வாங்கவில்லை. ரோமானோவின் நீலப் பெட்டியைத் திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்தாள்.

"பொருள்ல குத்தமில்ல. உனக்குத் திருகத் தெரியல" என்றான் ரோமானோ.

"தெரியலதான். தெரியாதத எதுக்கு கார்ல மாட்டிக்கிட்டுத் திரியணும்?"

நியாயமாகச் சொன்னால், ரோமானோவிடம் அதே ஷாக் அப்சார்பர்கள் அருமையாக வேலை செய்தன. ஆனால் அவன் தன் காரை லாரியில் ஏற்றித்தான் ட்ராக்குக்குக் கொண்டுவருவான். ரொட்டிக் கடைக்குக்கூட அதை ஓட்டிப் போனதில்லை. அவன் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிரோடு இருக்கும்.

தேனிலவு முடிந்து வந்ததும் டோரியான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மொரேனாவோடு கஸ்தாவுக்கு வந்தான். கொட்டகையில் காரோடு இன்னொன்றும் அகப்பட்டிருந்தது: பிரிக்காத பெட்டியில் புது ஷாக் அப்சார்பர் செட். காரை வைத்துக்கொள், ஆனால் இரண்டு செட்டில் ஒன்று வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று மொரேனா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகவே புதியதைத் தன் காரில் மாட்டிக்கொண்டு, இப்போது காரில் இருக்கும் பழைய செட்டை நெவியாவுக்குத் தருகிறேன் என்றான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு திருகுதான். பதிலுக்கு, பிறக்கப்போகும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கெல்லாம் அவள் கேக் தர வேண்டும்.

பழைய நெவியாவாக இருந்தால் அன்றைக்கே ஜாக்கியைத் தூக்கியிருப்பாள். இப்போது, பார்க்காமல் போட மாட்டேன் என்றாள். உள்ளே போய் ஒரு தட்டில் ஷாம்பித்தா கொண்டுவந்தாள். முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பின பண்டம் அது. பக்கத்தில் தும்மினாலே ஆடும். பின் சீட்டில் நெவியா ஏறிக்கொண்டாள். முன்னால் மொரேனா மடியில் தட்டோடு உட்கார்ந்தாள். டோரியான் ஓட்ட, கஸ்தாவிலிருந்து கடல் வரைக்கும் இறங்கினார்கள், அதே சாக்கடை மூடி மேல் ஏறி. ஷாம்பித்தா நடுங்கியது, ஆனால் படுக்கவில்லை. திரும்பி ஏறும்போது நெவியா வேகமாக ஓட்டச் சொன்னாள். வளைவுகளில் கார் ஒருமுறை சாய்ந்து, அப்படியே நின்று, வளைந்தது. தலையாட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க ட்ராக் நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் கார்களிலும் ஷாம்பித்தாவை ஏற்றி அதே சாலையில் இறங்கினாள். லட்சணமான பந்தயக் காருக்குள் முட்டை நுரையா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவனுடைய கார்க் கூரையின் உட்புறத்தில் இன்னும் அதன் தடம் இருக்கிறது. இந்தச் சோதனையில் எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது, வயிற்றெரிச்சல் என்னவென்றால், இருப்பதிலேயே விலை கூடியது. ட்ரியெஸ்தே நகரத்திலிருந்து வரும் ஒரு வக்கீலின் காரில் இருந்த செட். அதை வாங்க நெவியா கஸ்தாவ் வீட்டை விற்க வேண்டும். அடுத்தபடியாக நின்றது டோரியானின் ஒற்றைத் திருகுதான்.

ஆனாலும் பழசு பழசுதானே. எல்லையைத் தாண்டி, ஸ்லோவேனியாவில் ஷாக் அப்சார்பர்களைப் பிரித்துக் கட்டும் பட்டறை ஒன்றுக்கு நாலையும் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன், அந்தப் பக்கம் பன்றிக்கறி நன்றாக இருக்கும். பட்டறைக்காரர் ஒவ்வொன்றையும் ஒரு இயந்திரத்தில் மாட்டி மேலும் கீழும் ஓட்டினார். எவ்வளவு பலமாக எதிர்க்கிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும் இயந்திரம். மூன்று கோடுகள் அண்ணன் தம்பி மாதிரி வந்தன. முன்பக்க இடது ஷாக் அப்சார்பரின் கோடு மட்டும் சோம்பிக் கிடந்தது. உள்ளே எண்ணெய் கசிந்து, காற்றுக் கலந்திருந்தது. வெளியே துடைத்து வைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. டோரியான் ஒரு வருஷமாக வலது வளைவில் தடுமாறியதற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். காரணம் இதுதான்.

பட்டறைக்காரர் அதைப் பிரித்துப் புது சீல் போட்டுக் கட்டினார். பிறகு, கேக்குப் பாரத்தையும் சாலையையும் பற்றிக் கேட்டுவிட்டு, கொஞ்சம் மெத்தென்ற ஸ்பிரிங்கைக் கொடுத்தார். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைத் திருகைக் கொண்டு செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும் என்றார். நெவியா வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்தாள். சிவப்பு கேக்குக்கு, ஊதா ட்ராக்குக்கு. நடுவில் எதற்கும் அவளுக்கு அனுமதி இல்லை. அந்த விதியை அவளே போட்டு, அவளே பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினாள். ட்ராக் ஓர நிறுத்தத்தில் நிற்கும்போது கை துறுதுறுவென்று வரும். அப்போதெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறிப்பாள். கழுதையின் தரையெல்லாம் விதைத் தோல்.

ட்ராக்கில் என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரோமானோவை அவள் முந்தவில்லை, இன்றுவரை முந்தவில்லை. ஆனால் வேகமான இடது வளைவில் பிரேக்கைத் தொடாமல் போகத் தொடங்கினாள். அங்கே கார் என்ன செய்யும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. முதல் முறை அப்படிப் போன அன்று வண்டியை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றாள். நான் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, வாய மூடிட்டு நில்லு என்றாள். உள்ளே அழுதாளோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியமில்லை. மொரேனா மட்டும் போய்க் கட்டிக்கொண்டாள். அவள் அதற்குள் எல்லா ஞாயிறும் வர ஆரம்பித்திருந்தாள். புருஷனைக் கண்காணிக்க என்று சொல்லிக்கொண்டாலும் கண்ணெல்லாம் நேரக் கடிகாரத்தில்தான் இருக்கும்.

செப்டம்பரில் லிவியோ விடுமுறையில் வந்தான். கழுதையைச் சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான், போனிலேயே சொன்னேனே, கம்பெனி சாமான் போதுமென்று, இதெல்லாம் பொம்மை என்றான். நெவியா பக்கத்துக் கதவைத் திறந்தாள். லிவியோவுக்கு ஹெல்மெட் இல்லை. பெயர் பொறித்த தன் புது ஹெல்மெட்டை ரோமானோ பெருந்தன்மையாகக் கழற்றிக் கொடுத்தான்.

மூன்று சுற்று போயிருப்பார்கள். நாலாவதில் கழுதை மெதுவாக நிறுத்தத்துக்குள் வந்து நின்றது. கதவு திறந்தது. லிவியோ இறங்கி, ஹெல்மெட்டை மாலை போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தான். ரோமானோ எழுந்து நின்றுவிட்டான். லிவியோ குழாயைத் திறந்து ஹெல்மெட்டின் உட்புறத்தை வெகுநேரம் கழுவினான். நாங்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தோம். டோரியானால் முடியவில்லை, டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டான்.

"அட்லாண்டிக்ல புயல்லகூட எனக்கு இப்படி ஆனதில்ல" என்றான் லிவியோ.

"அட்லாண்டிக்ல நான் ஓட்டல" என்றாள் நெவியா.

அவன் குழாயை மூடினான். பிறகு ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் இருக்கு என்றான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஒரு இயந்திரத்தைப் பற்றி அவன் மனைவியிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ரோமானோவுக்கு வேறு ஹெல்மெட் வாங்கித் தர வேண்டியதாயிற்று. மதியம் எல்லோரும் ட்ராக் வாசலில் இருக்கும் கடையில் சுட்ட ஆட்டுக்கறி சாப்பிட்டோம். லிவியோ மட்டும் சோடா குடித்தான்.